உயிரோடிருப்பது செய்தியல்ல

பிலோமினா செத்துப்போன சேதி பிலோமினாவுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. போத்தனூரில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து, வழக்கமான கட்டிலில் படுத்து, டயாலிசிஸ் எந்திரத்தின் கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தார். எப்போதும் எரிகிற பச்சை விளக்கு எரியவில்லை. "இந்த ரேகைக்குரியவர் காலமாகிவிட்டார். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எந்திரம் மரியாதையாகத்தான் சொன்னது.

அவரைக் கொன்றவள் அந்த நேரத்தில் நொய்யல் பல்கலைக்கழகத்து கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் தன்யஸ்ரீ. இதழியல் இறுதியாண்டு. பெரிய செய்தி நிறுவனம் ஒன்றில் வேலை உறுதியாகி மூன்று நாள்கூட ஆகவில்லை. கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அப்பா, வாழ்க்கையில் முதல் தடவையாக வாடிக்கையாளர்களிடம் சொந்தக் கதை பேச ஆரம்பித்திருந்தார். லட்டு அவர் வாங்கி அனுப்பியது.

ஒரு காலத்தில் பிள்ளை இதழியல் படிக்கப் போகிறேன் என்றால், அது சோறு போடுமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. நடந்தது எது, எந்திரம் கற்பனை செய்தது எது என்று ஒருவருக்கும் புரியாத அளவுக்குப் பொய்ச் செய்தி பெருகிய பிறகு, அரசாங்கம் 'ஊர்ஜிதம்' என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. செய்தியை எந்திரமே எழுதிக்கொள்ளும். ஆனால் படித்துத் தேறிய ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்த்து, கட்டைவிரலை வைத்து முத்திரை போட்டால்தான் அது ஊர்ஜிதத்தில் ஏறும். ஏறிவிட்டால் அப்புறம் கேள்வியே கிடையாது. வங்கி, ரேஷன் கடை, கோர்ட், ஆஸ்பத்திரி எல்லா இடத்து எந்திரங்களும் அதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்.

இதனால் நாட்டில் பொய் குறைந்தது, அதை மறுக்க முடியாது. நிருபர், துணையாசிரியர், செய்தி வாசிப்பாளர், விளம்பர எழுத்தாளர் என்று பழைய பாடப்புத்தகம் ஆசை காட்டிய வேலைகளும் கூடவே போய்விட்டன. மிஞ்சியது கட்டைவிரல் மட்டும்தான். அதற்குக் கொடுத்த சம்பளமோ கம்ப்யூட்டர்காரர்களே பொறாமைப்படுகிற சம்பளம். ஆகவே இதழியலில் ஒரு இடத்துக்குப் பெற்றோர்கள் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டார்கள்.

தன்யஸ்ரீ அதற்காக வந்தவள் அல்ல என்பதுதான் கோளாறு. அவளுக்கு எழுதப் பிடிக்கும்.

கடைசி லட்டை யாருக்குக் கொடுப்பது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"கண்ணு, நான் போத்தனூர் பிலோமி ஆன்ட்டி பேசறேன். நர்ஸம்மா போன்ல இருந்து பேசறேன். என்னோட போன் காலைல இருந்தே வேலை செய்யல."

"சொல்லுங்க ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?"

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். என்னைப் பத்தி நீ எழுதுனத நர்ஸம்மா இப்பத்தான் படிச்சுக் காட்டுனா. ரொம்ப நல்லாருக்கு கண்ணு. அழுகையே வந்துருச்சு. ஆனா நான் இன்னும் சாகலியே?"

லட்டு தட்டிலிருந்து உருண்டு மேசைக்கடியில் போனது.

நடந்தது இதுதான். பெரிய மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கான இரங்கல் கட்டுரையை எழுதி, தேதியை மட்டும் காலியாக விட்டு இருப்பில் வைத்துக்கொள்வது பத்திரிகை ஆபீஸ்களின் பழைய வழக்கம். ஆபீஸ்கள் போய்விட்டன. பாடத்திட்டத்தை மாற்ற யாருக்கும் நேரமில்லாததால் வழக்கம் மட்டும் வகுப்பில் தங்கிவிட்டது. இந்தத் தடவை, யாரும் எழுதாத ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தன்யஸ்ரீ பிலோமினாவைக் கண்டுபிடித்தாள். கண்காட்சிகளில் மரணக் கிணறு என்று ஒன்று உண்டு. பலகையால் கட்டிய கிணற்றின் உள்சுவரில் மோட்டார் சைக்கிளைப் படுக்கை வாட்டத்தில் ஓட்டுவார்கள். அதில் இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டிய பெண் பிலோமினா. சிறுநீரகம் கெட்ட பிறகு தனியாகத்தான் இருந்தார். தன்யஸ்ரீ வாரக்கணக்கில் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசி, தன் கைப்பட எழுதினாள். வாழ்க்கையில் அவள் எழுதியதிலேயே அதுதான் உருப்படியானது. அது அவளுக்கே தெரியும்.

போன வெள்ளிக்கிழமை இறுதியாண்டு மாணவர்களின் விரலுக்கு முத்திரை உரிமை வந்தது. முத்திரை போட்ட செய்திக்குக் கீழே மட்டும்தான் எழுதியவர் பெயர் வரும். தன்யஸ்ரீக்கு ஒரே ஒரு ஆசை. இந்தக் கட்டுரைக்குக் கீழே தன் பெயர் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். லட்டு கொடுத்ததற்கு முந்தின ராத்திரி, முன்னோட்டத் திரையில் பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். தேதி கேட்டது, அன்றைய தேதியைப் போட்டாள். விரல் கேட்டது, வைத்தாள். 'தன்யஸ்ரீ, கோவை' என்று வந்தது. அதை ஆசை தீரப் படம்பிடித்துக்கொண்டு திரையை மூடினாள். மற்ற செய்திகள் என்றால் மதிப்பீட்டுக்காகச் சில நிமிடம் வரிசையில் காத்திருக்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மரணச் செய்தி காத்திருக்காது. அது பாடத்திலேயே இருந்தது. ஆனால் பெயரைப் பார்க்கிற அவசரத்தில் பாடம் யாருக்கு நினைவு வரும்? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

துறைத் தலைவர் கனகவல்லி, அவள் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது எந்தப் பூகம்பமும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவர்.

"இறக்கிடலாம்ல மேம்?" என்று கேட்டாள் தன்யஸ்ரீ.

"முடியாதும்மா. ஏறுன செய்திய யாராலும் இறக்க முடியாது. மந்திரி கூப்பிட்டாலும் முடியாது, முதலாளி கூப்பிட்டாலும் முடியாது. இந்தச் சட்டத்துக்காக நாங்கெல்லாம் ரோட்டுல உக்காந்து போராடியிருக்கோம். அப்ப எங்களுக்கு அது பெரிய வெற்றி."

"தப்பா ஏறியிருந்தா?"

"அதுக்கு மேல இன்னொரு செய்திய ஏத்தணும். உன் விரலால ஏறாது. இன்னொருத்தர் நேர்ல பார்த்து ஏத்தணும். இல்லேன்னா தீர்ப்பாயத்துக்கு எழுதிப் போடலாம், ரெண்டு வாரத்துல கூப்பிடுவாங்க."

"ஆன்ட்டிக்கு ரெண்டு வாரம் இல்லீங்க மேம். டயாலிசிஸ் பண்ணலேன்னா நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"டாக்டரே கையால போட்டு விட முடியாதாமா?"

"அந்த எந்திரம் ரேகை இல்லாம திறக்காதுங்க. செத்தவங்க ரேகைய யாராவது திருடி உபயோகப்படுத்துவாங்கன்னு மொத்தமா பூட்டிடுதாம். எல்லா ஆஸ்பத்திரியிலயும் அதே பூட்டுதான்."

கனகவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆசிக்கைக் கூட்டிட்டுப் போ. அவன் ஏத்தட்டும். ஆனா துறை பேரு வர வேண்டாம், உன் பேரும் வேண்டாம். தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுக்கச் சொல்லு. உன் தப்புன்னு ஊர்ஜிதத்துல ஏறுச்சுன்னா உன் முத்திரை உடைஞ்சிரும். உடைஞ்சா ஆயுசுக்கும் திரும்ப வராது. வேலை, அது இது எல்லாம் போச்சு."

அந்த நேரத்தில் தன்யஸ்ரீக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. தொழில்நுட்பக் கோளாறு. எவ்வளவு நல்ல வார்த்தை. யார் தலையிலும் விழாத வார்த்தை.

ஆசிக் உக்கடத்துப் பையன். கடைசி பெஞ்ச், ஆனால் முத்திரைத் தேர்வில் அவளைவிட மார்க் அதிகம். வண்டியில் ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். "உம் பேரப் பாக்கணும்னா கண்ணாடில எழுதிப் பாத்துக்க வேண்டியதுதான? வருசம் பூராப் படிச்சு, கடைசில ஒரு ஆளையே போட்டுத் தள்ளிட்டியே!"

பிலோமினா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் லேசாக வீங்கியிருந்தது. பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ரோஜா மாலை.

"கண்காட்சிக் கம்பெனிலிருந்து அனுப்பியிருக்காங்க கண்ணு. வீட்டுல ஆளில்லேன்னு பக்கத்து வீட்டு சரோஜா வாங்கிட்டு இங்க கொண்டாந்துட்டா. அவ என்னைப் பாத்துட்டு ஒரு கத்து கத்துனா பாரு, வார்டே எந்திரிச்சிருச்சு." சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

தன்யஸ்ரீ அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, என்னை மன்னிச்சிருங்க. நான்தான்..."

"தெரியும், பேரு கீழேயே போட்டிருக்குதே" என்றார் பிலோமினா. "அப்பறம் மன்னிக்கறேன். இப்ப ஆக வேண்டியதப் பாரு. தண்ணி குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க, நாக்கு வறளுது."

ஆசிக் அவரைப் பார்த்தான், படம் எடுத்தான், பேசவைத்துப் பதிவு செய்தான். பிறகு அடித்தான்: 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தவறுதலாக இறந்தவராக அறிவிக்கப்பட்ட போத்தனூர் பிலோமினா உயிருடன் உள்ளார்.' விரலை வைத்தான்.

மரணத்தைத் தவிர மற்ற எந்தச் செய்தியும் ஊர்ஜிதத்தில் ஏற நாற்பது மதிப்பாவது பெற வேண்டும். இல்லையென்றால் ஊரில் இருக்கிற ஒவ்வொருவனும் தன் வீட்டு நாய் குட்டி போட்டதை எல்லாம் ஏற்றிவிடுவான் என்று வைத்த விதி. திரையில் மதிப்பு வந்தது.

மூன்று.

கீழே காரணமும் இருந்தது. 'தொழில்நுட்பக் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. ஒருவர் உயிருடன் இருப்பது செய்தியல்ல.'

"மூணா?" என்றார் பிலோமினா, எட்டிப் பார்த்து. "அந்த மூணு எதுக்குக் குடுத்துதுன்னு தெரியலயே."

ஆசிக் மூன்று விதமாக மாற்றி எழுதினான். மறுபிறவி என்று எழுதினான், அதற்கு ஒன்றுதான் கிடைத்தது. செத்தால் யாரும் செய்திதான், உயிரோடு இருப்பதற்குத்தான் தகுதி வேண்டியிருக்கிறது. டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். மயக்கம் போட்டு விழுந்தால் பெயர் தெரியாதவள் என்று சேர்த்துக்கொள்வார்களா என்று பிலோமினா கேட்டதற்கு, மயக்கம் வருவதற்குள் நெஞ்சில் நீர் கோத்துவிடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

"சரி" என்றார் பிலோமினா. "உயிரோட இருக்கறது செய்தி இல்ல. செத்தவ மரணக் கிணத்துல வண்டி ஓட்டுனா?"

ஆசிக்கின் கை தானாகவே போனுக்குப் போனது. சோதனைக்காக அடித்துப் பார்த்தான். 'இறந்ததாக அறிவிக்கப்பட்ட பெண் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்.' உத்தேச மதிப்பு எண்பத்தெட்டு.

பிலோமினா நர்ஸிடம் போனை வாங்கிக் கண்காட்சிக் கம்பெனிக்குப் பேசினார்.

மறுநாள் காலை கண்காட்சித் திடலில் கம்பெனிக்காரர்கள் பிலோமினாவை மகாராணி மாதிரி வரவேற்றார்கள். பழைய ஆட்கள் சிலர் தொட்டுப் பார்த்தே நம்பினார்கள். வண்டியைத் துடைத்துக் கிணற்றுக்குள் நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் கூட இன்னும் நேரமிருந்தது. 'செத்தவர் ஓட்டுகிறார், காணத் தவறாதீர்கள்' என்று மைக்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான் ஒருவன்.

தன்யஸ்ரீ இரவு முழுக்கத் தூங்கவில்லை. இருந்தும் மனம் லேசாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு சுற்று. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவார். இரண்டே சுற்று ஓட்டிவிட்டால் ஆன்ட்டிக்கு உயிர், தனக்கு வேலை. யாருக்கும் நஷ்டமில்லை.

பிலோமினா ஒரு முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் போட முயன்றார். பழைய பூட்ஸ், இத்தனை வருடமும் எண்ணெய் போட்டு வைத்திருந்தது. ஒரு காலில் எப்படியோ மாட்டிக்கொண்டார், மற்ற கால் உள்ளே போகவில்லை. கணுக்கால் பலாச்சுளை மாதிரி உப்பியிருந்தது. அவர் அமுக்கினார். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்து, அது மேலே எழும்பவே இல்லை.

"நாடா கட்ட வேண்டாம், சும்மா நுழைச்சா போதும். கண்ணு, சித்த இழு."

தன்யஸ்ரீ குனிந்து பூட்ஸைப் பிடித்தாள். அந்தக் காலின் கனம் கையில் தெரிந்தது. மேலே பார்த்தாள். பிலோமினாவின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. மரணக் கிணற்றில் இருபது வருடம் ஓட்டிய ஒருத்திக்குப் பயமாக இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் என்னென்னவோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

தன்யஸ்ரீ பூட்ஸைத் தூக்கி எறிந்தாள்.

"வேண்டாம் ஆன்ட்டி. நீங்க ஓட்ட வேண்டாம்."

"பின்ன? எண்பத்தெட்டு வேண்டாமா?"

"விழுந்தீங்கன்னா நான் எழுதுனது நெசமாயிரும்."

"தன்யா, நேரமில்ல" என்றான் ஆசிக். "வேற வழி இருந்தா சொல்லு."

வழி இருந்தது. நேற்றே இருந்தது. கனகவல்லி மேடத்தின் அறையிலேயே அது அவள் கண்முன் வந்து நின்றது. அவள்தான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் வேலைக்காக ஒரு நோயாளியைக் கிணற்றுச் சுவரில் ஏற்றப் பார்த்திருக்கிறாள்.

"ஆசிக், முதல் செமஸ்டர்ல முதல் வகுப்புல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"இப்பப் போய் என்ன கேக்கற நீ?"

"சொல்லு."

"யாரு, என்ன, எங்க, எப்ப, ஏன், எப்படி. இது இல்லாம செய்தி கிடையாது."

"நீ எழுதுனதுல யாரு இருக்காங்க? தவறுதலா அறிவிக்கப்பட்டார். யாரு அறிவிச்சா? ஏன் அறிவிச்சா? அத மறைச்சுட்டு எழுதுனா அது எப்படிச் செய்தியாகும்? மூணே ஜாஸ்தி." அவன் கையிலிருந்த போனைக் காட்டினாள். "எம் பேரப் போடு. முழுப் பேரு, அப்பா பேரு, ஊரு, பல்கலைக்கழகம் எல்லாம் போடு. பேரப் பாக்கற ஆசைல முத்திரை போட்டாள்னு போடு. தொழில்நுட்பக் கோளாறுன்னு மறைக்கப் பாத்தாள்னு அதையும் போடு."

ஆசிக் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நேற்று முழுக்கத் திட்டியவன் இப்போது மெதுவாக, "முத்திரை போயிரும் தன்யா. வீட்டுல என்ன சொல்லுவ?" என்றான்.

"லட்டு தீந்துருச்சுன்னு சொல்றேன். எழுதுடா."

எந்திரத்திடம் விடாமல் அவனே எழுதினான். எழுத எழுத அவள் கேட்டு, ஒரு இடத்தில் திருத்தம்கூடச் சொன்னாள். 'பயிற்சி மாணவி' என்று அவன் கருணையாக எழுதியிருந்ததை, 'முத்திரை உரிமை பெற்றவர்' என்று மாற்றச் சொன்னாள். பிலோமினா ஒற்றைக் காலில் பூட்ஸோடு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிக் அவர் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, உங்கள ஒரு தடவ நேர்ல பாத்துக்கறேன், சட்டப்படி" என்றான். பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்தான்.

தொண்ணூற்றொன்று.

"வண்டிய விட மூணு ஜாஸ்தி நீ" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய போன் அதிர்ந்தது. 'தங்கள் முத்திரை உரிமை நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது.' அதைப் படித்து முடிப்பதற்குள் பிலோமினாவின் பையிலிருந்து பழைய போன் ஒன்று, இரண்டு நாளாகப் பேசாமல் கிடந்தது, கணீரென்று அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. உடனே வரச் சொன்னார்கள்.

கண்காட்சிக் கம்பெனி வேனிலேயே போனார்கள். பிலோமினா கட்டிலில் படுத்துக் கட்டைவிரலை வைத்தபோது தன்யஸ்ரீ கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்ததை நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். எந்திரம் முனக ஆரம்பித்தது, ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்தது. அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் அந்த ரோஜா மாலை கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஏங்கி ஏங்கி அழுதாள். துக்கமே இல்லாத அழுகை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த அழுகை. வேலை போனது அப்போது நினைவிலேயே இல்லை.

நினைவு வரத்தான் செய்தது, மறுநாள். நிறுவனம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. பட்டம் உண்டு, முத்திரை கிடையாது என்றது பல்கலைக்கழகம். கனகவல்லி மேடம் கூப்பிட்டு, "உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று ஒரு வாக்கியம் மட்டும் சொன்னார், அது அவருக்குப் பெரிய விஷயம். லட்டு சாப்பிட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அம்மா இரண்டு நாள் மூக்கைச் சிந்தினாள். அப்பாதான் கடையிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டே, "தப்பாச் சுத்துன காயிலப் பிரிச்சு மறுபடி சுத்தறதில்லயா? அந்தம்மா பொழச்சுக்கிச்சுல்ல, சோத்தப் போடு" என்றார். அன்றைக்குத்தான் தன்யஸ்ரீ வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் போத்தனூருக்குப் போனாள். பிலோமினாவின் வீட்டு வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு கிடந்தது. தனியாக இருக்கிற ஆன்ட்டி வீட்டில் இத்தனை செருப்பை அவள் பார்த்ததில்லை. மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு கணம் பக்கென்றது.

உள்ளே பெண்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா வீக்கமெல்லாம் வடிந்து நடுவில் இருந்தார். இப்போது இரண்டு ஊர்ஜிதச் செய்திக்குச் சொந்தக்காரர் என்று தெருவில் அவர் மவுசு கூடியிருந்தது.

"வா கண்ணு. நீ எழுதுனத தெருவே படிச்சிருக்குது. பத்து வருசமா எங்கூடப் பேசாதவளெல்லாம் வந்து அழுதிருக்கா. உயிரோட இருக்கறப்பவே இத்தன பேரு அழுது பாக்கற யோகம் யாருக்குக் கெடைக்கும்? சரோஜா, கேட்டுரு, வந்துட்டா."

பக்கத்து வீட்டு சரோஜா கூச்சத்தோடு முந்தானையை இழுத்துக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணு எழுதித் தருவியாம்மா? பிலோமிக்கு எழுதுன மாதிரியே. நான் ஒண்ணும் வண்டியெல்லாம் ஓட்டல. முப்பது வருசம் மில்லுல ஸ்பின்னிங்ல நின்னேன். அது எழுதற மாதிரி இருக்குமா தெரியல. சும்மா வேண்டாம், குடுக்கறதக் குடுத்தர்றேன்."

தன்யஸ்ரீ கட்டைவிரலைக் காட்டினாள். "எங்கிட்ட முத்திரை இல்லீங்க. நான் எழுதறது ஊர்ஜிதத்துல ஏறாது. எந்த எந்திரமும் அதப் படிக்காதுங்க."

"எந்திரம் படிக்கவா அவ கேக்கறா?" என்றார் பிலோமினா. "அவ மருமக படிக்கட்டும்னு கேக்கறா."

எல்லோரும் சிரித்தார்கள். சரோஜா மட்டும் சிரிக்காமல் தன்யஸ்ரீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையிலிருந்த இன்னொரு பெண், தனக்கு அவசரமில்லை, ஆனால் சரோஜாவுக்கு அடுத்தது தன்னுடையது என்று சொல்லி வைத்தாள்.

எந்திரம் படிக்காத எழுத்து. அது தப்பித்தவறியும் யாரையும் கொல்லாது, யாருடைய பச்சை விளக்கையும் அணைக்காது. மனிதர்கள் மட்டும் படித்துவிட்டு அழுவார்கள், சண்டையை மறப்பார்கள், அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு வேலை இல்லை. தன்யஸ்ரீ பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சரோஜா எந்த ஊரில் பிறந்தாள் என்பதிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

எல்லோரும் போன பிறகு பிலோமினா கேட்டார். "என்னோடத அழிச்சுட்டியா?"

"உங்ககிட்ட கேக்காம எப்படி ஆன்ட்டி? என்னோட பிரதி இருப்புல இருக்கு. அழிச்சரட்டுங்களா?"

"அழிக்காத, திருத்து. ஒரு தடவகூட விழுந்ததில்லைன்னு எழுதியிருக்க. அன்னைக்கு நான் பெருமைக்குச் சொன்னேன். ரெண்டு தடவ விழுந்திருக்கேன். ஈரோட்டுல ஒரு தடவ, சேலத்துல ஒரு தடவ. சேலத்துல விழுந்தப்ப தூக்கறதுக்கு ஒருத்தன் கிணத்துக்குள்ளயே குதிச்சான். அவனப் பத்தியும் எழுதணும், உக்காரு."

தன்யஸ்ரீ உட்கார்ந்தாள். கட்டுரையைத் திறந்து, இருந்த தேதியை முதலில் அழித்தாள். அந்த இடம் காலியானதைப் பிலோமினா எட்டிப் பார்த்தார்.

"இன்னும் நெறைய எழுத வேண்டியிருக்குது" என்றார் பிலோமினா. "அந்த எடத்துல மட்டும் கைய வெக்காத."